குரங்குக்கு ஆகாத இருமல்

1

"அமாவாசை அண்ணனுக்கு என்ன நோய்னு சொல்லுங்க சார்."

யாருக்கு என்ன நோய் என்று மட்டும் கேட்கவே கூடாதென்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெயசித்ராவிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். நிஜத்தில் கேட்டவள் வேறொருத்தி. பெரம்பலூர் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து போனில் கத்திக்கொண்டு வந்தாள். யார் அண்ணன், எந்த சார், தெரியாது. அந்த ஒரு வரி அவளுடையது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எறையூர்க் கரும்புக் காட்டின் மேல் அந்திச் சூரியன்...'

வேண்டாம். குரங்குக்கு வருவோம்.

மருந்து ஆராய்ச்சிக்காகக் கிருமியில்லாத குரங்குகளை வளர்க்கும் பண்ணை. குட்டி பிறந்ததும் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுப்பார்கள். கொடுப்பவள் ஜெயசித்ரா. விலங்கியல் படித்தவள், அவள் வீட்டில் காலேஜுக்குள் நுழைந்த முதல் ஆள். அவள் சம்பளத்தில்தான் தங்கை இரண்டாவதாக நுழைந்திருக்கிறாள். கூண்டு கழுவுகிறவர் அமாவாசை.

மனிதரின் காசநோய் குரங்குக்குத் தொற்றும். அதனால் வேலையாட்களுக்கும் பரிசோதனை உண்டு. முடிவு ஆபீஸோடு சரி. தேறாதவரிடம் காரணம் சொல்லாமல் "நாளையிலேருந்து வர வேணாம்" என்பார்கள்.

(அங்கே குரங்கு தும்மினால் டாக்டர் ஓடி வருவார். ஆள் இருமினால் வாட்ச்மேன் ஓடி வருவார். கற்பனைதான், கோபப்படாதீர்கள்.)

3

அமாவாசையிடமும் அதையே சொன்னார்கள். மனுஷன் என்ன நினைத்தார் தெரியுமா?

வெளிக் குரங்கை அண்டக் கூடாது என்பது பண்ணை விதி. அவரோ சனிக்கிழமை வாலிகண்டபுரம் கோயில் வாசலில் ஒரு குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தார். ஜெயசித்ரா பார்த்தாள். திங்கட்கிழமை வேலை போனது. போட்டுக்கொடுத்தது அவள்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்தாள். "அண்ணே, இருமல் எப்படி இருக்கு? ஆஸ்பத்திரி போனீங்களா?"

"எனக்கென்ன நோயா? ஒரு பழத்துக்கு வேல போச்சு. சீப்பாக் குடுத்திருந்தா ஜெயில்லயே போட வச்சிருப்ப, தாயி!"

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. வாயைத் துடைத்த துண்டைச் சட்டென்று சுருட்டிக்கொண்டார்.

(இங்கே அவரைச் சாகடித்தால் கதை கனமாகும் என்று தோன்றியது. எழுதி, அடித்துவிட்டேன். எனக்கு அவர் என்ன கெடுதல் செய்தார்?)

4

அங்கிருந்து நேரே மேனேஜர் வேணுகோபாலிடம் போனாள். அப்போது கேட்டதுதான் முதல் வரி. இவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன், முரட்டு மீசைகூட வைத்தேன். மனுஷன் அவளுக்கு டீ சொல்லிவிட்டார்.

"ஆளுங்க விஷயம் வெளிய போகக் கூடாதும்மா."

"வெளிய எதுக்கு சார்? அவர்கிட்டயே சொல்லுங்க. பழம் குடுத்ததுக்குத் தண்டனைன்னு நெனச்சுக்கிட்டு, வைத்தியம் பாக்காமக் கெடக்குறாரு."

"மேலிடத்துல கேக்கணும்."

"குரங்குக்குன்னா கேட்டுக்கிட்டா இருப்பீங்க?"

தன் டீயை ஆற்றினார். ஊதினார். குடிக்கவில்லை.

"அவரு வூட்டுக்குக் கீட்டுக்குப் போயிடாத. போனா நீயும் உள்ள வர முடியாது. தெரியும்ல?"

சொல்ல மாட்டேன் என்றவர் இப்படி நோயைச் சொல்லிவிட்டார்.

5

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் அவள் வீடு தேடிப் போக, அமாவாசை கதவைத் திறந்து அழுகிறார், சினிமா. ஒன்றில் திறக்கவே இல்லை. மூன்றாவதில் அவர் கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்து...

அந்தக் கதவை நீங்களே திறந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

உள்ளே ஒரு குட்டி புட்டிக்குக் கத்தியது. ஜெயசித்ரா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அடையாள அட்டையைக் கழற்றி டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கம்மா?"

"பெரியாஸ்பத்திரிக்கு சார். ரெண்டு ஓபி சீட்டு போடணும். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என்னோட டெஸ்ட் முடிவும் உங்க ஆபீஸ்லதான இருக்கு?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.