வாய்க்கு வந்த நிகழ்ச்சிகள்

மாணவர் வானொலிக்குப் பூட்டுப் போட்ட அன்று மாலை, அதன் சதுரங்க நிகழ்ச்சி கல்லூரி உணவகத்து மாஸ்டரின் வாயிலிருந்து ஒலிபரப்பானது. அவர் அப்போது பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். சதுரங்கம் என்றால் கட்டம் போட்ட பலகை என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் குதிரையைக் கொடுத்து ராணியை வாங்குவது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, "அடுத்த வாரம் யானையைப் பார்ப்போம், நேயர்களே" என்று முடித்து, பொங்கி வழிந்த பாலைத் துடைத்தார். மறுநாள் பழைய பாடல்கள் பேருந்து ஓட்டுநரிடம் போய்ச் சேர்ந்தன. பறவைகள் நிகழ்ச்சி நூலகரிடம் போனது. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து அந்த அம்மாள் மீன்கொத்தியைப் போலக் கத்தினார். புதுப்படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் நிகழ்ச்சி, படமே பார்க்காத காவலாளியைப் பிடித்துக்கொண்டது. எதுவும் நேரம் தவறவில்லை. நடுவில் வந்த இருமல்கூட அந்தந்த மாணவரின் இருமலாகவே இருந்தது.

நிலையம் என்பது விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு பொந்து. கருவிகளை மாணவர்களே ஒட்டுப்போட்டு நடத்தினார்கள். நீச்சல் தெரியாதவன் நடத்திய நீச்சல் பாடம் உட்பட எதுவும் கல்லூரி முதல்வரை உறுத்தவில்லை. உறுத்தியது வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்த 'விடுதி நேரம்' மட்டும்தான். அதை நடத்திய பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே தொண்டை கட்டியிருந்ததால் எல்லாருக்கும் அவள் கரகரா. அவளுடைய அறைத்தோழி துண்டு காயப்போட மூன்றாம் மாடிக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபோது கம்பி கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து, விழுந்த அந்தத் தோழி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீட்டில் படுத்துக்கிடந்தாள். 'மாணவியின் கவனக்குறைவு' என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. கம்பி ஆடுகிறது என்று விடுதிப் பெண்கள் முன்னாலேயே போய்ச் சொல்லியும் ஏன் மாற்றவில்லை என்று கரகரா வாரம் தவறாமல் கேட்டாள். விழுந்தவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எப்படிச் சோறு இறங்குகிறது என்றும் கேட்டாள்.

முதல்வர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாய்க்கு வந்தபடி பேசறதுக்குப் பேர்தான் ரேடியோவாம்மா?"

"கேள்விதான் சார் கேட்டேன்."

"இனிமே ஒரே நிகழ்ச்சிதான். வாரா வாரம் நான் பேசுவேன்."

"அதை யார் சார் கேப்பாங்க?"

அதற்குப் பதிலாக வந்ததுதான் பூட்டு.

கரகரா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சதுரங்கத்துக்கு வாய் கிடைத்தது, மீன்கொத்திக்குக் கிடைத்தது, நடக்க முடியாமல் கிடக்கிறவளுக்கு மட்டும் இத்தனை பேரில் ஒரு வாய் கிடைக்காதா? வியாழக்கிழமை மாலை அவள் எதிரே வந்தவர்களின் உதடுகளையெல்லாம் வெறித்தபடி நடந்தாள். அந்த நேரம் முதல்வர் பெரிய அரங்கில் நிர்வாகக் குழுவுக்கும் பெற்றோருக்கும் முன்னால் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அவர் தொண்டை கட்டியது. கரகராவின் குரலில், "வணக்கம், விடுதி நேரம்" என்றார். கேள்வியைக் கேட்டார். கேள்வி மட்டும்தான் அவளுடையது. பதில் அந்த வாயிலேயே கிடந்தது. "விடுதிக் கம்பியைப் பத்தவைக்க வந்த வெல்டரை என் வீட்டு இரும்பு கேட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

அரங்கம் எழுந்து நின்றது. பிறகு கைதட்டியது. தவற்றைத் தானே ஒப்புக்கொண்ட தலைமை என்று செய்தித்தாள் புகழ்ந்தது. நிர்வாகக் குழு ஒரு கேடயம் கொடுத்தது. முதல்வர் கூசாமல் வாங்கிக்கொண்டார். அறிவிப்புப் பலகையில் கவனக்குறைவு அப்படியே ஒட்டியிருந்தது. அறைத்தோழியின் அம்மா தொலைபேசியில், "தங்கமான மனுஷன்னு போட்டிருக்கானே, நிஜமாடி?" என்று கேட்டபோது கரகரா கையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கினாள். குரல் அவளுடையது, முறிந்தது தோழியின் முதுகு, கேடயம் அந்த ஆளுக்கா?

ஆனால் கேடயம் ஒரு முறைதான் கிடைக்கும், நிகழ்ச்சி வாரா வாரம் வரும். முதல்வர் வாயில் பஞ்சு வைத்துப் பார்த்தார், விடுப்பில் போனார், பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்தும் பார்த்தார். வியாழக்கிழமை ஐந்து மணியானால் வெல்டர் வாய்க்கு வந்தான். மருத்துவருக்கும் கதை தெரிந்துபோனது. கடைசியில் சாவியோடு கரகராவைத் தேடி வந்தார்.

"திறந்துக்கோம்மா. என் வாயை விட்டுடு."

"நான் பிடிச்சு வைக்கல சார். அவ வீட்டுக்கு வாங்க."

அடுத்த வியாழக்கிழமை போனார்கள். ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. ஐந்து மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது, ஐந்தரைக்கு முடிந்தது. முதல்வர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"சார், இது இவளோட நிகழ்ச்சி" என்றாள் படுத்திருந்தவள். "நான் படுத்த படுக்கையா வாரா வாரம் கேட்டதுதான். இப்ப உங்களோடதைப் போடுங்க."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். வாய்க்கு எதுவும் வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அவரே தேடி எடுக்க வேண்டியிருந்தது. யாருடைய கரகரப்பும் இல்லாத தன் சொந்தக் குரலில், "ஆளை நான்தான் மாத்தி அனுப்பினேன். உன் மேல தப்பில்லம்மா" என்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. அம்மாவுக்குக் கேட்டிருக்காது."

அம்மா கதவருகேதான் நின்றிருந்தார். அவர் காதில் ஒரு குறையும் இல்லை. முதல்வர் இன்னும் உரக்கச் சொன்னார்.

பலகையில் புது அறிவிப்பு வந்தது, அவர் கையெழுத்தோடும் அவர் பெயரோடும். சில நாளில் பதவியை விட்டும் போனார். நிலையம் திறந்ததும் மற்ற நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக முட்டை அட்டை அறைக்குத் திரும்பின. விடுதி நேரம் மட்டும் திரும்பவில்லை. அது அந்த ஆளோடும் போகவில்லை, பதவியோடு தங்கிவிட்டது. புதிதாக வந்த முதல்வரிடம் குடியிருப்பையும் காரையும் ஒப்படைத்தபோது, வியாழக்கிழமை ஐந்திலிருந்து ஐந்தரை வரை வாய் விடுதிப் பெண்களுக்கு என்பதையும் சொன்னார்கள். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டார். முதல் வாரம் விடுதிக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று கட்டிய தொண்டையில் பேசினார். வெள்ளிக்கிழமை காலை தச்சர் வந்தார்.