செல்லச்சாமிக்குக் கிடைத்த சாட்சி

பெண்களுக்கு வரும் மாரடைப்பை ஏன் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆராயும் மருத்துவக் குழுவில் மிஸ்ரியா வேலை பார்த்தாள். இறந்தவர்களின் வீட்டுக்குப் போய், கடைசி நாளில் என்ன நடந்தது என்று கேட்டு வர வேண்டும். அப்படித்தான் தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் செல்லச்சாமியின் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி மாடத்தி போன வருடம் அருவி சீசனில் இறந்திருந்தாள்.

செல்லச்சாமி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் உமாராணி கதவோரம் நின்றாள். அம்மா போனதிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை.

"அன்னைக்கு என்ன சொன்னாங்க, அண்ணாச்சி?"

"தாடை வலிக்கி, முதுகு வலிக்கின்னா. வேர்த்துக் கொட்டுச்சு. என்கூட வேலை பாத்தவங்க மெட்ராஸ்ல இருந்து குடும்பத்தோட குளிக்க வந்திருந்தாங்க. சமைக்கப் பயந்து நடிக்கான்னு அவங்க முன்னாலயே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

"அம்மா சிரிக்கலக்கா," என்றாள் உமாராணி. "தென்காசி ஆஸ்பத்திரியில இறக்கி விடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா. இவரு விருந்தாளுகள கார்ல ஏத்திக்கிட்டு ஐந்தருவிக்குப் போயிட்டாரு. நான் ரோட்டுல நின்னு கத்துதேன், ஒரு ஆட்டோவும் நிக்கல. எல்லாம் சவாரியோட அருவிக்குப் போவுது. ஒருவழியா ஒண்ணு கிடைச்சு ஏத்துனேன். ஆஸ்பத்திரி வாசல்ல கூப்பிட்டா, அம்மா கண்ணு முழிக்கல."

மிஸ்ரியா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். யாரையும் குறை சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. கிளம்புமுன் நோயின் அறிகுறிகளை விளக்க வேண்டும் என்பதும் விதி.

"பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரும், அண்ணாச்சி. தாடை, முதுகு வலிக்கும், வேர்க்கும். சில சமயம் டாக்டர்களே வாயுன்னு நெனச்சு அனுப்பிருதாங்க."

செல்லச்சாமியின் முகம் தெளிந்தது. "கேட்டியாட்டி? டாக்டருக்கே தெரியாதாம். ஒரு வருசமா என்னையக் கொலகாரன் மாதிரி பாத்தியே!"

"நான் அதுக்குச் சொல்லல, அண்ணாச்சி. அவங்க கேட்டப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா…"

"போதும்மா. நீ சொன்னதே போதும்."

உமாராணி மிஸ்ரியாவைப் பார்த்தாள். அம்மாவுக்காகப் பேச ஒருத்தியாவது வருகிறாளே என்று காத்திருந்தவள் அவள். உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே செல்லச்சாமி சொந்தக்காரர்களைக் கூட்டினார். ஆராய்ச்சியே சொல்லிவிட்டது என்றார். பெற்ற அப்பனைப் பழி சொன்னதற்கு மன்னிப்புக் கேள் என்று பெரியப்பா நாகராஜன் உமாராணியின் தோளைப் பிடித்து அழுத்தினார். அவள் எல்லார் முன்னாலும் அப்பாவின் காலில் விழுந்தாள்.

இதையெல்லாம் செல்லச்சாமியே போனில் மிஸ்ரியாவுக்குச் சொன்னார். "உன் புண்ணியத்துல வீடு அமைதியாயிட்டும்மா."

"உமாராணிகிட்ட கொஞ்சம் குடுங்க, அண்ணாச்சி."

போன் கை மாறியது.

"என்னை மன்னிச்சிரும்மா," என்றாள் மிஸ்ரியா.

"நீங்க வராமலே இருந்திருக்கலாம்க்கா."

அதோடு போனை வைத்துவிட்டாள்.