மூடல் ஒன்று, மூடல் இரண்டு, திறப்பு

என் கணவர் அழகர் செய்த இசையை நான் முழுதாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மொத்தம் இருபத்து மூன்று நிமிடம். வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் அவர் அதைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சமையலறையில் ஏதாவது வேலை இருக்கும். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் கதவோரம் நிற்பேன். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். பிறகு ஆறுதலாக உட்கார்ந்து கேட்கலாம் என்றுதான் இருந்தேன். கசட்டும் வீட்டில் இருந்தது, மனிதரும் வீட்டில் இருந்தார்.

2007இல் கசட் போனது. நான்கு வருடங்களுக்கு முன் அவரும் போனார்.

அவர் மருதானையில் மக்கீன் நானாவின் கடையில் ரேடியோவும் அம்ப்பும் திருத்தியவர். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கடையில் கழித்துப்போட்ட பாகங்களைக் கொண்டுவந்து, தகர பிஸ்கட் பெட்டி ஒன்றுக்குள் அடைத்து, மேலே நான்கு திருகிகள் வைத்தார். அதுதான் அவருடைய வாத்தியம். ஒரு திருகியைத் திருப்பினால் ஒலி தடிக்கும்; இன்னொன்றைத் திருப்பினால் நூல்போல் மெலியும். பக்கத்து வீட்டு அகீலா ரீச்சர் ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டி, "உங்கட ஃபிரிட்ஜ் பழுதாப் போச்சோ?" என்று கேட்டார். அழகர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கடை வேலையாக ஒருமுறை அநுராதபுரப் பக்கம் போய், கோயில் ஒலிபெருக்கி ஒன்றைத் திருத்திவிட்டு வந்தவர் வேறு ஆளாக வந்தார். அங்கே ஒரு பழைய குளத்தின் மதகைப் பார்த்திருக்கிறார். இரண்டாயிரம் வருடம் என்று யாரோ சொன்னார்களாம். குளத்துத் தண்ணீர் முழு அழுத்தத்தோடு அணைக்குள் நுழைகிறது. அப்படியே வெளியே விட்டால் வாய்க்காலை அரித்துக்கொண்டு போய்விடும். ஆகவே நடுவில் கல்லால் ஒரு சதுரக் கிணறு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதற்குள் விழுந்து, சுழன்று, வேகம் ஒடிந்து, சாதுவாக வயலுக்குப் போகிறது. சிங்களத்தில் அதற்குப் பிசோகொட்டுவ என்று பெயர்.

"பாரு புள்ள, வோல்டேஜ் கூடினா நாம என்னா செய்யிறோம்? நடுவுல ஒண்ண வச்சு ஒடிக்கிறோம். அதையே கல்லுல செஞ்சிருக்கான். கரண்டே இல்லாம!"

"யாருங்க செஞ்சது?"

"பேர் இல்ல. எழுதி வைக்கல. ஆனா இன்னைக்கும் வேல செய்யுது."

அந்தத் தண்ணீரின் சத்தத்தை அங்கேயே பதிந்து வந்திருந்தார். அதோடு பெட்டியின் ஒலிகளைச் சேர்த்து ஆறு மாதம் வேலை செய்தார். கிணறு தண்ணீருக்குச் செய்வதைத் தன் பெட்டி சத்தத்துக்குச் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முரட்டுச் சத்தம் உள்ளே வந்து, அமைதியாக வெளியே போகவேண்டும். மூன்று பகுதிகள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கசட்டின் மேல் என்னையே பெயர் எழுதச் சொன்னார். எழுதினேன்: மதகு. மூடல் 1, மூடல் 2, திறப்பு.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவள். அதற்கு முந்தின வருடம் கிழக்கில் ஒரு மதகை மூடியதில்தான் போர் மறுபடி மூண்டிருந்தது. அந்தச் செய்திகளை வரிவரியாகப் படித்துப் பிழை திருத்தியவள் நான். அப்படியிருந்தும் அந்தக் கசட்டின் மேல் அந்தச் சொற்களை அழகாக எழுதினேன். மதகு என்றால் பத்திரிகையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று என் மனம் பிரித்து வைத்திருந்தது போலும்.

பொலிஸார் வீதியை மறித்து வீடுவீடாகத் தேடும் சுற்றிவளைப்பு ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் பொலிஸில் பதிந்த குடும்பத் தாள் ஒன்று இருக்கும். அதில் இருக்கும் பெயர்களும் வீட்டில் இருக்கும் தலைகளும் சரியாக இருந்தால் பெரும்பாலும் போய்விடுவார்கள். எங்கள் தாளில் இரண்டு பெயர். வீட்டில் இரண்டு பேர். போகத் திரும்பியபோதுதான் மேசையில் இருந்த பிஸ்கட் பெட்டி கண்ணில் பட்டது. அதற்குப் பக்கத்தில் கசட். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மதகு... மூடல்... இது என்ன, மிஸ்டர்?"

பாட்டு என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சாமி பாட்டு என்றே சொல்லியிருப்பேன். ஆனால் ஆறு மாதமாக ஒருவரும் இவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அது ஒரு அருமையான வேலைப்பாடு சேர். உள்ளுக்கு ஒரு கெணறு இருக்கு."

"சரி. தண்ணிய நிப்பாட்ட எங்க மூடணும்?"

"கெணத்து வாயிலதான் சேர்! மேல மூடினா அழுத்தம் தாங்காது. இருங்க, வரைஞ்சு காட்டுறேன்."

நான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார். கிட்டத்தில் வேறு காகிதம் இல்லை. சார்ஜன்டின் கையில் இருந்த எங்கள் குடும்பத் தாளையே வாங்கி, அதன் பின்பக்கத்தில் அணை, கிணறு, கதவு, தண்ணீர் போகும் வழி எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு வரைந்தார். சார்ஜன்ட் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஹரி, சரி. சப்பாத்தப் போட்டுக்கிட்டு வாங்க."

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை என்று சொன்னார். நான் நம்புவதாக முடிவு செய்தேன். பெட்டியும் கசட்டும் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவர் ரேடியோ திருத்தினார், சிரித்தார், கடற்கரைக்கு நடந்தார், எனக்கு வெங்காயம் நறுக்கித் தந்தார். இசை மட்டும் செய்யவில்லை. "திரும்பச் செய்யலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "காதால வச்சது புள்ள. நம்பர் ஒண்ணும் எழுதல. போனது போனதுதான்" என்றார்.

அவர் இறந்த பிறகுதான் எனக்கு அந்த ஆசை பிடித்தது. அந்த இருபத்து மூன்று நிமிடத்தை உட்கார்ந்து, அடுப்பில் ஒன்றும் இல்லாமல், ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் திணைக்களத்துக்கு எழுதினேன். எந்தத் திணைக்களம் என்பதை இங்கே எழுதவில்லை; கடைசியில் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். முதல் பதில் இரண்டு வரி: தேசிய பாதுகாப்புக் காரணத்தால் வழங்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாயிரம் வருடப் பழைய கிணறு ஒன்றின் சத்தம் தேசிய இரகசியமாகிவிட்டது. அழகர் இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். மேன்முறையீடு செய்தேன். பதினான்கு மாதம் கழித்து வந்து பார்க்கும்படி கடிதம் வந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் முப்பது வயதுப் பெண். சிங்களத்தில் பேசினோம்.

"அம்மா, பொருள் இல்லை. 2012இல் அழித்திருக்கிறார்கள். பெட்டி, கசட் இரண்டையும்."

பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தேன். எழும்பப் போனேன்.

"அறிக்கை இருக்கிறது. வேண்டுமா?"

"என்ன அறிக்கை?"

"கேட்டவர் எழுதியது."

முப்பத்தொரு பக்கம். பெயர்கள் எல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. முதல் பக்கத்தில் அழகர் அன்றைக்கு வரைந்த மதகுப் படத்தின் நகல் இருந்தது. அம்புக்குறிகளுக்கு மேல் இரகசியம் என்று முத்திரை. வாசிக்கத் தொடங்கியவுடன், புரூஃப் பார்த்த பழக்கத்தில், இது சாதாரண ஆளின் வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஒலிகளுக்குள் யாருக்கோ செய்தி ஒளிந்திருக்கிறது என்று சந்தேகித்திருக்கிறார்கள். ஆகவே ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு ஒலியும் எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது, எப்போது முடிகிறது, எத்தனை ஹெர்ட்ஸ், உரத்ததா மெல்லியதா என்று அளந்து அட்டவணை போடச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு வரிகள். கேட்ட திகதிகள் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்பது திகதிகள்.

முதல் சில நாட்களின் குறிப்புகள் எண்களாகவே இருந்தன. ஐந்தாம் தடவைக்குப் பிறகு எழுத்து மாறுகிறது. "இங்கே சத்தம் மெதுவாக அடங்குகிறது." "இந்த இடம் முன்பு வந்தது, ஆனால் இப்போது தாழ்ந்து வருகிறது." கடைசிப் பக்கத்தில் இரண்டு வாக்கியம்: குறியீடு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இசையாக இருக்கலாம்.

அந்தக் கடைசி வரியை பஸ்ஸில் பலமுறை வாசித்தேன். அழகரின் இசையைப் பற்றி இந்த உலகத்தில் யாரும் எழுதிய ஒரே விமர்சனம் அது. அதை ஒன்பது தடவை முழுதாகக் கேட்ட ஒரு மனிதர் இருந்திருக்கிறார். நான் ஒருமுறைகூட இல்லை. பொறாமையாக இருந்தது, நன்றியாகவும் இருந்தது. மதகு கட்டியவர்கள் ஒன்றும் எழுதாமல் மதகை விட்டுப் போனார்கள். இவர்கள் பொருளை அழித்துவிட்டு எழுத்தை வைத்திருந்தார்கள். பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் என் மண்டையில் உறைத்தது: அழகர் எழுதாமல் விட்ட நம்பர்கள் அத்தனையும் என் மடியில் இருக்கின்றன.

மறுநாள் மருதானைக்குப் போனேன். மக்கீன் நானா இப்போது கடையை அரைநாள்தான் திறக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

"யா அல்லாஹ். நாப்பது வருஷம் கட நடத்துறன் தங்கச்சி, இப்பிடி ஒரு வேலக்காரன் எனக்குக் கெடச்சதில்ல. ஒம்பது தரம் கேட்டீக்கான் மனுசன்! நான் ஒரு தரம் கேட்டுப்போட்டு அழகர்ட்ட தலவலின்னு சொன்னவன்."

"செய்யலாமா நானா?"

"சிக்னல் ஜெனரேட்டர் ரெண்டு ஈக்குது. ரேடியோ டியூன் பண்ற சாமான், ஆனா கேட்ட ஹெர்ட்ஸக் குடுக்கும். தண்ணிச் சத்தத்துக்குத்தான் என்ன செய்யிற?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய ரேடியோ ஒன்றை எடுத்துச் சிற்றலையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் முள்ளை நிறுத்தினார். இரைச்சல் வந்தது. குளம் இல்லைதான். ஆனால் கண்ணை மூடினால் மறுக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வீதியில் சத்தம் குறைவு என்று அன்றைக்கு வைத்துக்கொண்டோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து வரிகளை வாசிக்க வேண்டும். அவர் திருகிகளைத் திருப்ப வேண்டும். முதல் தடவை பதினோராம் வரியில் கெட்டது. மேல்மாடியிலிருந்து அவருடைய மனைவி பலீலா ஃபோன் எடுத்து, "என்ன அங்க, யாரு அழுற?" என்று கேட்டார். இரண்டாம் தடவை நானே ஒரு வரியைத் தவறவிட்டேன்.

"புரூஃப் பாக்கிற ஆளுன்னு செல்றீங்க, வரி தாவுறீங்களே!"

"உங்க கைதான் நடுங்குது நானா."

"நடுங்கினா நல்லம். அழகருக்கும் அந்த எடத்துல நடுங்கித்தான் வந்தீக்கும்."

மூன்றாம் தடவை ஓடியது. முதல் பகுதி முழுவதும் எனக்கு எண்களைப் பார்க்கும் பதற்றம்தான். இரண்டாம் மூடலில்தான் காது திறந்தது. இரைச்சலுக்கு அடியில் ஒரு தடித்த ஒலி வந்து உட்கார, அதன்மேல் இன்னொன்று ஏற, இரண்டும் உரசிக்கொண்டு அலைபோல் ஆடின. இந்த இடத்தில்தான் நான் வழக்கமாக அடுப்புக்குத் திரும்பிப் போவேன். இனி வருவதெல்லாம் எனக்குப் புதிது.

ஐம்பத்தேழாம் வரியை நான் முன்பே பார்த்திருந்தேன். நானாவிடம் சொல்லவில்லை. "ஆண் குரல், மெல்லிய முணுமுணுப்பு, நான்கு விநாடி. சம்பந்தமில்லாதது." பதியும்போது அழகர் தன்னையறியாமல் ஏதோ பாடியிருக்கிறார். அதற்கு ஹெர்ட்ஸ் போடப்பட்டிருக்கவில்லை.

"அம்பத்தேழு என்ன? செல்லுங்க, செல்லுங்க!"

"ஒண்ணும் இல்ல நானா. கைய எடுங்க. நாலு செக்கன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். ரேடியோ மட்டும் இரைந்தது. வெளியே ஒரு பஸ் கொண்டக்டர் தெமட்டகொடை, தெமட்டகொடை என்று கத்திக்கொண்டு போனான்.

"அம்பத்தெட்டு. 147. மெதுவா ஏத்துங்க."

கடைசிவரை போனோம். நூற்றுப் பன்னிரண்டாம் வரி முடிந்து இரைச்சலும் அடங்கியபோது நானா நாற்காலியில் சாய்ந்து விரல்களைச் சொடக்கெடுத்தார்.

"எப்பிடி தங்கச்சி?"

யோசித்தேன். முழுதாகக் கேட்டவளுக்குத்தான் இதைச் சொல்ல உரிமை உண்டு.

"மூடல் ரெண்டும் ரொம்ப நல்லா இருக்கு நானா. திறப்பு கொஞ்சம் நீளம்."

"நீளமா? அதுதானே மெயின் சாமான்! தண்ணி வயலுக்குப் போகவேணாமா?"

"போகட்டும். அதுக்கு ஏழு நிமிஷம் வேணுமா? நாலு போதும்."

"அழகர் இருந்தா உங்களுக்கு ஒரு மணித்தியாலம் படம் வரைஞ்சு விளங்கப்படுத்துவான்."

"வரையட்டும். நானும் விடமாட்டேன்."

பலீலா ப்ளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை திறப்பைப் பற்றித்தான் வாதாடினோம். எந்த வரிகளை வெட்டலாம் என்று நான் பென்சிலால் குறித்தேன். அவர் ஒவ்வொன்றையும் அழித்துக்கொண்டே வந்தார்.