கடைச் சன்னலில் கிளெமான்ஸ்

பாரிசில் நான் கல்லச்சு வேலை பார்த்த பட்டறையில், கல்லில் வரைந்ததைத் தாளில் அச்சடிப்போம்; ஒரு கிண்டல் பத்திரிகைக்காகத் தெயோதுல் அங்கே வாராவாரம் ஒரு படம் வரைந்து தருவான். தொப்பை வியாபாரி, மாமியாருக்குப் பயந்த வக்கீல், கடன் வாங்கி விருந்து வைக்கும் குமாஸ்தா. போகப்போக அவனுக்கே சலித்துவிட்டது.

"யாரை வரைஞ்சாலும் அவனே வந்து சிரிச்சுட்டு வாங்கிட்டுப் போறான்ப்பா. பக்கத்து வீட்டுக்காரன்னு நெனைக்கிறான். ஒருத்தனுக்கும் உறைக்கல."

அந்த மார்ச்சில் அவன் தந்த படத்தில் ஒரு கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருந்தான். எதிரே மனைவி, ஆறிப்போன காப்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே 'இல்லற இன்பம்' என்று எழுதியிருந்தது. படக்கடைச் சன்னலில் தொங்கவிட்டதும் கூட்டம் கூடிச் சிரித்தது.

ரொட்டி வாங்கப் போன அவன் மனைவி கிளெமான்ஸும் அதைப் பார்த்துவிட்டு, நேரே பட்டறையில் இருந்த அவனிடம் வந்தாள்.

"அது நான்தானே?"

"சேச்சே, அது மாடி வீட்டு மதாம் பெர்த்தியே."

"என் கோணல் சுண்டு விரலைக்கூட விடல நீங்க."

அவன் தலை குனிந்தான்.

"கோவம் இல்லீங்க. என்னைப் பாக்கறதே இல்லைன்னு இத்தனை வருஷம் நெனச்சேன். பாத்திருக்கீங்க. பாத்துட்டு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, இங்க கொண்டாந்து வித்துட்டீங்க."

"அந்தக் கல்லைத் தேய்ச்சுடுப்பா" என்றான் என்னிடம். கல்லில் இருந்த படத்தைத் தேய்த்து அழிக்க நான் மணலை எடுத்தேன்.

"விடுங்க. ஊரே பாத்தாச்சு" என்று கிளெமான்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் விஷயம் முற்றியது. அந்தத் தெருவில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக, படத்தில் இருப்பது தான்தான் என்று சண்டைக்கு வந்தார்கள். "என் வீட்டுச் சங்கதியை உனக்கு யாருய்யா சொன்னது?" என்று மதாம் பெர்த்தியே பட்டறை வாசலிலேயே அழுதாள். கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த கிளெமான்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க. அது நான்."

"பொய் சொல்லாதீங்க, எனக்குத் தெரியும்" என்றாள் அவள். இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அச்சு எந்திரத்துக்குப் பின்னால் இருந்த தெயோதுல் வெளியே வரவே இல்லை.

உறைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான். ஆனால் உறைத்தது இந்தப் பெண்களுக்கு. கணவன்மார்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் படத்தை வாங்கினார்கள்.

வசந்தம் முடிவதற்குள் அவன் பத்திரிகையை விட்டுவிட்டு, கடுகு ஜாடிகளின் மேல் ஒட்டும் சீட்டு வரையும் வேலைக்குப் போனான். ஒரு ஞாயிறு மத்தியானம் பார்க்கப் போனேன். கிளெமான்ஸ் கலைந்த கூந்தலை ஒதுக்கியபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள்.

"தூங்கறார். எழுப்ப வேணாமே" என்றாள். "நானும் இப்பத்தான் படுத்தேன்."