மிக்ஸிக்காரர் மகள்

ஊரிலுள்ள மிக்ஸிகளையெல்லாம் பழுது பார்க்கும் என் கணவர், இரண்டு வயது மகளுக்கு வெந்த கேரட்டைக்கூட அரைத்துத்தான் ஊட்டுவார். "இவளுக்கு மெல்லத் தெரியாதும்மா, தொண்டையில மாட்டிக்கும்" என்பார். எனக்கு எரிச்சல் வரும். கூடவே பயமும் வந்துவிடும்.

நேற்று, கழற்றி வைத்த மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டார். மேஜைக்கடியில் மகள் அதை மென்றுகொண்டிருந்தாள். பிடுங்கிப் பார்த்தால், வளையம் முழுக்கப் பல் தடம்!

உடனே வெந்த கேரட் துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். கன்னம் உப்ப மென்று விழுங்கிவிட்டு, "இன்னும்" என்று கையை நீட்டினாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஊரார் மிக்ஸியை ஓட்டிப் பார்த்துட்டுத்தானே ரிப்பேர்னு சொல்வீங்க? பெத்த பொண்ணை மட்டும் ஓட்டிப் பார்க்காமலே சொல்லிட்டீங்களே!"