முடிக்க விடு

முதலாளியம்மா அவளிடம் நீட்டிய கைப்பேசியில் ஒரு கேக்கின் படம் இருந்தது. ‘போய் வாருங்கள், உங்களை என்றும் மறக்க மாட்டோம்’ என்று வெள்ளைக் க்ரீமில், முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. எங்கேயும் போகாத ஒரு மனிதருக்கு அது போய்ச் சேர்ந்ததுதான் பிழை.

அதற்கு முந்தின நாள் காலையில் ஒரு இளைஞன் கேக் கடைக்கு வந்து, “எங்க மேனேஜர் வேலைய விட்டுப் போறாருன்னு…” என்று ஆரம்பித்திருந்தான். கவுன்ட்டரில் நின்ற அவள், “வழியனுப்பு விழாவா? கவலையே படாதீங்க, மாஸ்டர் பிரமாதமா எழுதிடுவார்” என்று சொல்லி, எடையும் நிறமும் தானே முடிவு செய்து, பெட்டியின் அளவையும் காட்டி அனுப்பிவிட்டாள். அந்தப் பையன் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். அவள் அதைக் கொட்டாவி என்று நினைத்தாள். அவன் சொல்ல வந்தது, “போறாருன்னு பயந்துட்டிருந்தோம், நல்ல வேளை போகல” என்பது. சாயங்காலம் அலுவலகமே கைதட்டிக் காத்திருக்க, மேனேஜர் பெட்டியைத் திறந்து பார்த்து, “ஓ, அப்படியா” என்றாராம்.

“நான் என்ன சொல்ல வரேன்னா…” என்று முதலாளியம்மா ஆரம்பித்தாள்.

“வேலைய விட்டு நிறுத்தப் போறீங்க. புரியுதும்மா.”

“நிறுத்தல. முதல்ல என்னை முடிக்க விடு.” முதலாளியம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், இப்போது அது கிட்டத்தட்ட தரையில் இருந்தது. “உன்னை மாதிரி கலகலன்னு பேசற ஆள் எனக்குக் கிடைக்காது. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உள்ள பேக்கிங்குக்குத்தான் போகணும். அங்க அட்டைப்பெட்டிங்ககூடப் பேசு. அதுங்க நடுவுல எதுவும் சொல்ல வராது.”

கடையில் அவளை எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ். அவளுக்கும் அது தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு. நிறைய பிள்ளைகள் இருந்த வீட்டில் அவள் கடைக்குட்டி. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினால் அந்த இடைவெளியில் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள். அடுத்தவர் வாக்கியத்தின் வாலைப் பிடித்து ஏறிக்கொள்வதுதான் பேசுவதற்கு இருந்த ஒரே வழி. அதை அவள் கெட்ட பழக்கமாக நினைத்ததே இல்லை. எதிரில் இருப்பவருக்குச் சிரமம் குறைக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், இனி யார் பேச்சிலும் குறுக்கே பாய்வதில்லை என்று அறிவித்தாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் சோபாவில் கிடந்த மகள் எழுந்து உட்கார்ந்தாள். “அம்மா, போன வருஷம் காலையில நடக்கப் போறேன்னு…”

“அது முழங்கால் வலியால விட்டது.”

“பாத்தியா!” என்றாள் மகள். பஸ் ஓட்டுநரான அவள் கணவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

மகள்தான் யோசனை சொன்னாள். யாராவது பேசத் தொடங்கினால் வாயில் ஒரு புதினா மிட்டாய் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் முடிக்கும்வரை அதைக் கடிக்கக் கூடாது. முதல் நாள் கடையில் கடக், கடக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் இன்னும் மோசம். எதிர்முனையில் இருப்பவர் யோசிக்கிறாரா, முடித்துவிட்டாரா என்று முகம் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஒரு பெண்மணி, “லைன்ல இருக்கீங்களா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அந்த வாரமே கடைவாய்ப்பல் கூசத் தொடங்கியதால் மிட்டாயை விட்டுவிட்டு, கவுன்ட்டருக்குக் கீழே வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். கை அடங்கினால் வாயும் பாதி அடங்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பெரியவர் வந்து, “என் சம்சாரத்துக்கு ஒரு கேக்…” என்று நிறுத்தினார். பிறந்தநாளா, கல்யாண நாளா என்ற இரண்டு கேள்விகளும் அவள் தொண்டையில் முட்டி மோதின. கையை இறுக்கிக்கொண்டாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்குகளை எல்லாம் நிதானமாகப் பார்த்து முடித்த பிறகு சொன்னார்: “இந்த வயசுல ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டாம்மா. நேத்துதான் முதல் தடவையா தனியா கடைக்குப் போயிட்டு வந்தா. வாசல்லயே நின்னுட்டிருந்தேன் நான்.” என்ன எழுதலாம் என்று அவரே சொல்லட்டும் என்று விட்டாள். ‘ராணி திரும்பி வந்தாள்’ என்று எழுதச் சொன்னார். அவள் யோசித்திருந்தால் நூறு வருஷம் ஆனாலும் அது வந்திருக்காது.

வீட்டில்தான் சோதனை. கணவர் பேசாத மனிதர் என்றே அவள் இத்தனை காலம் நம்பியிருந்தாள். இடம் கிடைத்ததும் அவர் பேச ஆரம்பித்தார். கியர்பாக்ஸைப் பற்றிப் பேசினார். புதிதாகப் போட்ட வேகத்தடைகளைப் பற்றி, அவற்றின் உயரத்தைப் பற்றி, எந்தப் பயணி எந்த வேகத்தடையில் என்ன சொன்னார் என்பதைப் பற்றிப் பேசினார். அவள் கண்ணில் நீர் தளும்பக் கேட்டாள். கொட்டாவியை அடக்கினால் அப்படித்தான் ஆகும். ஆனாலும் அவருடைய முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், மாஸ்டர் க்ரீம் பையோடு கவுன்ட்டர் பக்கம் வந்தார். கேக்கில் எழுதுவதெல்லாம் அவர்தான். கை மின்னல்; பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி வரும்.

“அக்கா… ஒண்ணு… கேக்கணும்.”

லீவு. எப்போதும் லீவுதான். எடுத்துக்கோங்க மாஸ்டர், நான் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன் என்று உதடு வரை வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் காத்திருந்தார், அவள் குறுக்கே வருவாள் என்று. வரவில்லை என்றதும் அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். “லீவு இல்ல” என்றார். “எப்பவுமே லீவு கேக்க வந்ததில்ல. நீங்க எடுத்துக்கோங்கன்னுடுவீங்க. இல்லைன்னு விளக்கறதுக்கு… லீவு எடுக்கறது சுலபம். வீட்ல சும்மா உக்காந்திருப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சிவந்தது. “அப்ப என்னதான் கேக்க வந்தீங்க?”

“மருந்துக்கடை எதிர்ல… செருப்புக் கடை காலி பண்றாங்க. சின்ன இடம். அடுப்பு வைக்க வசதி இருக்கு. கேக் நான் போடுவேன். ஆனா வர்றவங்ககிட்ட…” க்ரீம் பையின் முனையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. “பேச ஆள் வேணும். நீங்க வருவீங்களா? வேலைக்கு இல்ல. பங்குதாரரா.”

அவள் வாயைத் திறந்தாள்.

“இன்னும் முடிக்கல” என்றார் மாஸ்டர். “இப்ப கொஞ்ச நாளா நீங்க பேசறதைக் குறைச்சிட்டீங்க. அதான் பயந்துட்டு உடனே கேட்டேன். ரொம்பக் குறைச்சிடாதீங்க. இப்பவே பதில் சொல்ல வேணாம்.” சொல்லிவிட்டு, அவ்வளவு நீளமாகப் பேசிய களைப்போடு உள்ளே போய்விட்டார். முதலாளியம்மா கல்லாவில் உட்கார்ந்து ரிப்பனைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே மனசு சங்கடப்பட்டது. அன்றே வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஆனால் மருந்துக்கடை எதிரே இருக்கும் அந்த ஒடுங்கின இடத்தில் வாசல் கண்ணாடியை எந்தப் பக்கம் வைத்தால் வெளிச்சம் வரும் என்று அவள் மனசு அதற்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தானே கேட்டுத் தானே பதில் சொல்லும் வழக்கத்தை விட்டு, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கணவரிடம் கேட்டு, நிறுத்தினாள்.

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். “நான் என்ன நினைக்கிறேன்னா…” என்றார். பிறகு மென்றார். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள். மகள் கையில் எடுத்த தண்ணீர் டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. தாயும் மகளும் மேஜையில் முழங்கையை ஊன்றி, ஒரே மாதிரி முன்னால் சாய்ந்து, அவருடைய தாடை மேலும் கீழும் போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தார், கண்ணோரத்தில் சிரிப்போடு.