தண்ணீர் தொடாத நோன்பு

செல்லம்மாள் முந்தின நாள் இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் அண்ணி ரஞ்சிதம் நீட்டிய காப்பியையும் வயிறு சரியில்லை என்று ஒதுக்கிவிட்டாள். வயிறு நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் ஏரியில் படகில் போகப் போகிறாள், அதுதான் விஷயம்.

எட்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போயிற்று. இப்போது வயது முப்பத்து நான்கு. விடியுமுன் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை அண்ணி தூக்கிப் போய்க் கொல்லையில் உட்கார வைப்பாள். நடுவில் கூப்பிட்டால் முகம் கோணுவாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவளுக்கும் இடுப்பு ஒன்றுதானே. அதனால் எத்தனை டம்ளர் குடித்தால் எத்தனை மணி வரை தாங்கும் என்பது செல்லம்மாளுக்கு மனப்பாடம்.

செஞ்சி வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அந்த வருஷம்தான், அறுபத்தாறில், படகு கட்டியிருந்தார்கள். நான்கு தார்ப் பீப்பாய், மேலே பலகை, பலகையில் ஆணி அடித்த மூன்று நாற்காலி. நடக்க முடியாதவர்களையும் கண் தெரியாதவர்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கவரம் பக்கத்து ஏரியில் காசு வாங்காமல் சுற்றிக் காட்டுவார்கள். வீட்டுக்கே வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நாற்காலிக்கு மெத்தை, வெயிலுக்குக் குடை, விழாமல் கட்டத் துண்டு, எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். மூத்திரம் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் ஒருத்தனும் யோசிக்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளைகள், எங்கே யோசிப்பார்கள்.

பகல் மூன்று மணிக்குக் கிளம்புகிற நேரத்தில் ரஞ்சிதம் கெடுத்துவிட்டாள். "வெறும் வயித்தோட போயி அங்க மயங்கி உழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று ஒரு சொம்பு நிறையக் கூழைக் கரைத்துக் கொடுத்து, குடித்து முடிக்கிற வரை எதிரிலேயே நின்றாள். செல்லம்மாளுக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. வரவில்லை என்று சொல்லிவிடலாமா? இருபத்தாறு வருஷமாக வாசல் வழியாக ராஜகிரி மலையின் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சொல்ல மனம் வரவில்லை.

படகில் கழி போடுகிறவன் அரங்கநாதன், சங்கத்துச் செயலாளர். பக்கத்து நாற்காலியில் கண் தெரியாத விநாயகம். பெண் துணைக்கென்று ஜைனத் தெருவிலிருந்து நீலாஞ்சனா டீச்சர் வந்திருந்தாள். கரையை விட்டு விலகியதும் மலை முழுசாகத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. செல்லம்மாளுக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அது கால் மணி நேரம்கூட நிற்கவில்லை, அடிவயிறு முட்ட ஆரம்பித்துவிட்டது.

டீச்சர் சொம்பை நீட்டினாள். "வடிகட்டிக் காய்ச்சின தண்ணிக்கா. குடிங்க."

"வேணாம் டீச்சர்."

"வெயில் அடிக்குது. ஒரு வாயாச்சும்."

"இல்ல. நேத்து ராத்திரியிலருந்தே தண்ணி தொடல."

டீச்சர் முகம் மாறியது. அவர்கள் வீட்டில் அவளுடைய மாமியார் மாதத்தில் இரண்டு நாள் அன்னமும் தண்ணீரும் தொடாமல் உபவாசம் இருப்பவர். அப்படி இருக்கிறவர்களை வற்புறுத்துவது பாவம், கும்பிட்டு விலகவேண்டும் என்று பழகியவள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே கைகூப்பினாள்.

"தெரியாம கேட்டுட்டேன்கா. நோன்பா?"

செல்லம்மாள் தலையாட்டிவிட்டாள். வேறு என்ன செய்வாள்?

அதற்குப் பிறகுதான் வினை. டீச்சர் மெதுவாக அரங்கநாதனிடம் சொல்ல, அவனுக்குப் பக்தி பொங்கிவிட்டது. "அப்ப அக்கரையில அம்மன் கோயில் இருக்குது. நோன்புல இருக்கிறவங்களுக்கு அதைக் காட்டாம திரும்பக்கூடாது" என்று மதகுப் பக்கம் திரும்ப வேண்டிய படகை நடு ஏரிக்கு விட்டான். அரை மணிக்குள் முடிய வேண்டிய சவாரி. போதாததற்கு எதிர்காற்று. கழி ஆழம் எட்டாமல் படகு நின்ற இடத்திலேயே ஆடியது.

செல்லம்மாள் பலகையின் இடுக்கில் தெரிகிற தண்ணீரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். சுற்றிலும் தண்ணீர்தான், எங்கே பார்ப்பது? பீப்பாய்களில் சளக் சளக்கென்று அலை மோதிற்று. விநாயகம் வேறு, தண்ணிச் சத்தம் எவ்வளவு நல்லா இருக்குது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயை அடைக்கலாம் போலிருந்தது. இங்கே நனைத்துவிட்டால் நாளைக்கு ஊரே பேசும். அப்புறம் எந்த வண்டியும் வாசலுக்கு வராது, வந்தாலும் அவள் ஏறமாட்டாள். ஐம்பது எண்ணினாள். மறுபடி ஐம்பது. வியர்த்துக் கொட்டியது.

"முகமெல்லாம் வெளுத்துப் போச்சே" என்றாள் டீச்சர் பயந்துபோய். "நோன்பு தாங்கலியா? விட்டுடுங்கக்கா, தப்பில்ல."

செல்லம்மாள் அவள் கையைப் பிடித்துக் காதருகே இழுத்தாள். "நோன்புமில்ல ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுக்கு வருது டீச்சர். அதுக்குப் பயந்துதான் குடிக்கல. பொய் சொல்லிட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டீச்சர் எழுந்து நின்று, வகுப்பில் போடுகிற குரலில், "அரங்கநாதா, கரைக்குப் போ. இப்பவே" என்றாள்.

அவன் காரணம் கேட்கவில்லை, அந்தக் குரலுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். தண்ணீரில் குதித்து, தோளைக் கொடுத்துப் படகைத் தள்ளிக்கொண்டே அக்கரைக்கு நீந்தினான். கரை சேர்ந்ததும் டீச்சர் அவனிடம் செல்லம்மாளைத் தூக்கி இறக்கச் சொல்லிவிட்டு, விநாயகத்தையும் அழைத்துக்கொண்டு கோயில் பக்கம் போகச் சொன்னாள். அவர்கள் தலை மறைந்த பிறகு, அக்குளில் கைகொடுத்து வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் இழுத்துப் போய், முதுகுக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். செல்லம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது.

சேலையைச் சரிசெய்து மரத்தில் சாய்த்து வைத்ததும் டீச்சர் சொன்னாள்: "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கக்கா. நானும் போயிட்டு வந்துடறேன்."

"நீங்களுமா?"

"நானும் காலையிலருந்து குடிக்கல. ஆம்பளைங்களோட படகுல போறோமேன்னு."

இரண்டு கால் இருக்கிறவளுக்கும் இதே கதியா? அப்புறம் செல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரும் சிரித்தாள்.

ஜைன வழக்கப்படி, பொழுது சாய்ந்துவிட்டால் டீச்சர் வாயில் தண்ணீர் படக்கூடாது. அதற்குள் இருவரும் சொம்பை மாற்றி மாற்றிக் காலி செய்தார்கள். அரங்கநாதன் நெற்றியில் குங்குமத்தோடு விநாயகத்தைக் கைபிடித்து அழைத்து வந்தான். "நோன்பு முடிஞ்சிதாக்கா?"

"முடிஞ்சிது" என்றாள் டீச்சர். "அடுத்த வாரத்துக்குள்ள ரெண்டு கரையிலயும் தென்னந்தட்டி வச்சி ஒரு மறைப்பு கட்டணும்."

"இன்னாத்துக்கு டீச்சர்?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொம்பளைங்க ஒண்ணுக்குப் போறதுக்குத் தம்பி" என்றாள் செல்லம்மாள், விநாயகத்துக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு கைப்பிடியும் வச்சிக் கட்டு. நான் அடுத்த வாரமும் வருவேன்."